11 வருட டிஷ்வாஷரும் 60 ரூபாய் ரிலேயும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ப்ளக்கில் மாட்டியிருந்த வாட் மீட்டரில் அதுவரை 68 என்று நின்றிருந்த எண் சட்டென்று 2,040க்குத் தாவியது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை உள்ளிருந்து "என்னம்மா ஆச்சு?" என்று ஓடி வந்தார், அவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறேன். மூன்று வாரமாகத் தண்ணீரைச் சுட வைக்காமல் இருந்த எங்கள் டிஷ்வாஷர் மறுபடி சூடானது. மெஷினின் எலெக்ட்ரானிக் போர்டையே மாற்ற வேண்டும், 9,800 ரூபாய் ஆகும் என்றார்கள். கடைசியில் ஆனது 300 ரூபாய். ஞாபகம் இருக்கும்போதே எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது, ஏனென்றால் இந்த 11 வருடத்தில் நான் செய்த தவறுகள் எல்லாமே திரும்ப யாராவது செய்யக்கூடியவை.

மெஷின் வாங்கியது 2014 தை மாதம். 34,500 ரூபாய். சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஒரு அபார்ட்மென்ட், மூன்றாவது மாடி, அதுதான் கடைசி மாடி. வீட்டில் ஐந்து பேர். போர் தண்ணீர்தான், கோடையில் லாரித் தண்ணீரும் சேரும்.

முதல் தகராறு பொருத்தின இரண்டாம் மாதமே வந்தது. மெஷின் தண்ணீர் எடுக்கும்போது பாதியில் நின்று, குழாய் படத்தோடு விளக்கு எரியும். கடைசி மாடி என்பதால் மாடித் தொட்டி எங்கள் தலைக்கு மேலேதான் இருக்கிறது, தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கும் எங்கள் குழாய்க்கும் மூன்று மீட்டர்கூட வராது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். எங்களுக்குக் கிடைப்பது 0.3 பார்தான், மெஷின் கையேடோ குறைந்தது 0.5 கேட்கிறது. பிரச்சினை இதுதான் என்று நானே முடிவு செய்து 4,800 ரூபாய் கொடுத்து ஒரு பிரஷர் பம்பு போட்டேன். சரியானது, ஆனால் நான்கே மாதம். அதே விளக்கு மறுபடி. அப்போதுதான் பிளம்பர் அண்ணன் வந்து மெஷினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, வால்வின் வாயில் இருந்த சின்ன வலையைக் குறட்டால் பிடித்து வெளியே இழுத்துக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு வலை, அது முழுக்கச் செம்மணலும் துருவும் அப்பியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போட்டு, ஆங்கிள் வால்வை முழுதாகத் திறந்து பக்கெட்டில் பிடித்தோம். பம்பு இல்லாமலே 10 லிட்டர் பக்கெட் 70 நொடியில் நிரம்பியது. மெஷினும் பம்பு இல்லாமல் ஓடியது, கொஞ்சம் மெதுவாகத் தண்ணீர் எடுத்தது, அவ்வளவுதான். 4,800 ரூபாய் பம்பு இப்போது குளியலறை ஷவருக்குப் போய்விட்டது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த வலையைக் கழற்றிக் கழுவுகிறேன், பத்து நிமிட வேலை.

அடுத்தது தண்ணீர். இங்கேதான் அதிக காலம் தடுமாறினேன், அதிகம் கற்றுக்கொண்டதும் இங்கேதான்.

ஆறு மாதத்தில் கண்ணாடி டம்ளர்கள் வெள்ளை பூத்துப்போயின. எவர்சில்வர் தட்டுகளில் விபூதி தடவினதுபோல ஒரு படலம். மெஷினின் அடியில் மூடி போட்ட ஓர் உப்புத் தொட்டி இருக்கிறதே, அதில் கடைக்காரர் முதல் நாள் போட்ட உப்போடு சரி, அப்புறம் நான் கண்டுகொள்ளவில்லை. உப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, அது ஒரு பக்கம் எரியட்டும் என்று விட்டிருந்தேன். டிஷ்வாஷருக்கு என்று விற்கும் உப்பு 2 கிலோ 250 ரூபாய். உப்புக்கு இவ்வளவு ஏன் கொடுக்க வேண்டும் என்று மளிகைக் கடையில் கல் உப்பு வாங்கிக் கொட்டினேன். மூன்றே வாரத்தில் நிலைமை இன்னும் மோசம். தொட்டி மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு வண்டல். சந்தேகத்துக்கு, ஒரு கண்ணாடிக் குவளை வெந்நீரில் இரண்டு கைப்பிடி அதே கல் உப்பைக் கரைத்து இரவு முழுக்க வைத்தேன். காலையில் குவளையின் அடியில் ஒரு நூல் கனத்துக்குச் சேறு, மேலே தண்ணீர் கலங்கலாக. கடைகளில் வாங்கும் டிஷ்வாஷர் உப்பை அதேபோலக் கரைத்தால் தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது. உப்பளத்துக் கல் உப்பில் மண் மட்டும் இல்லை, கால்சியமும் மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும், நாம் எதை வெளியேற்றப் பார்க்கிறோமோ அதையே உள்ளே கொட்டுகிறோம். தூள் உப்பும் ஆகாது, அது கட்டிக்கொள்ளாமல் இருக்கச் சேர்க்கிற பொருள் உள்ளே போய் அடைக்கும். அந்த வண்டலை எடுக்க மருந்துக் கடையில் 60 மில்லி சிரிஞ்சு வாங்கி, அதன் மூக்கில் அக்வேரியம் டியூப் ஒரு முழம் செருகி, உறிஞ்சி உறிஞ்சி வெளியே எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. கடைசி பத்து சிரிஞ்சு தெளிவாக வந்த பிறகு தண்ணீரை நிரப்பி, நல்ல உப்பைப் போட்டேன்.

உப்பு போட்டும் படலம் முழுதாகப் போகவில்லை. மெஷினுக்கு நம் தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும், எவ்வளவு என்று சொல்ல வேண்டும், அதற்கு ஏற்றபடிதான் அது உப்பை எடுத்து உள்ளே அவற்றைப் பிடித்துவைக்கும் பிசினைக் கழுவிக்கொள்ளும். எங்கள் மெஷினில் 0 முதல் 7 வரை அளவுகள். பொருத்தியவர் 4இல் விட்டுப் போயிருந்தார், அதுதான் கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் அளவு. சரி, அளந்து பார்ப்போம் என்று வீட்டில் இருந்த டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் விட்டேன், 1,150 காட்டியது. கையேட்டில் கடினத்தன்மைக்கு இருக்கும் அளவான ஜெர்மன் டிகிரிக்கு மாற்ற 17.8ஆல் வகுத்தால் 64 வந்தது. மெஷின் தாங்குவதோ அதிகபட்சம் 50. இந்தத் தண்ணீருக்கு இந்த மெஷினே ஆகாது போல என்று பயந்து, வீடு முழுமைக்கும் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் போட விலை கேட்டேன். 28,000 என்றார்கள். முன்பணம் கட்டப் போகிற நேரத்தில், வேதியியல் ஆசிரியையாக இருக்கும் என் சித்தி பெண்தான் நிறுத்தினாள். "அக்கா, டிடிஎஸ்ல எல்லா உப்பும்தான் சேரும், சோடியம் உட்பட. உனக்கு வேண்டியது கடினத்தன்மை மட்டும், அது வேற டெஸ்ட்" என்றாள்.

அந்த டெஸ்ட் கிட் 320 ரூபாய். ஒரு சின்னக் குப்பியில் கோடு வரை தண்ணீர், அதில் ஒரு பொடி போட்டுக் குலுக்கினால் திராட்சை ரசம்போல சிவக்கிறது, அப்புறம் இன்னொரு குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். ஒரு சொட்டு என்றால் லிட்டருக்கு 25 மில்லிகிராம். எத்தனையாவது சொட்டில் சிவப்பு முழுதாகப் போய் நீலமாகிறதோ அதுதான் கணக்கு. எங்கள் போர் தண்ணீர் 24ஆவது சொட்டில் மாறியது, ஆக 600. ஜெர்மன் டிகிரியில் கிட்டத்தட்ட 34. கையேட்டில் 31 முதல் 50 வரை 7ஆம் அளவு. பட்டனை அழுத்தி 4ஐ 7 ஆக்கினேன். பத்தே நாளில் தட்டில் விபூதி படிவது நின்றது. 28,000 ரூபாய் மிச்சம், அதைவிட, ஒரு பட்டன் அளவில் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்ததுதான் பெரிது.

ஏற்கனவே படிந்திருந்த சுண்ணாம்பை எடுக்க எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், 100 கிராம். முதல் தடவை பொடிக் கிண்ணத்தில் 40 கிராம்தான் கொண்டது, மீதியை மெஷின் அடியில் தூவினேன். நான் போட்ட புரோகிராமில் முதலில் ஒரு குளிர்ந்த அலசல் இருந்ததால் தூவினதெல்லாம் ஐந்தாம் நிமிடமே சாக்கடைக்குப் போய்விட்டது. இப்போது முன் அலசல் இல்லாத புரோகிராமாகப் பார்த்து, காலி மெஷினில் போடுகிறேன். வருடத்துக்கு இரண்டு தடவை போதும்.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது எங்கள் போரும் நின்றுவிட்டது. முழுக்க லாரித் தண்ணீர். அந்தச் சமயத்தில்தான் மெஷின் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள, வடிகால் ஹோஸை எடுத்து அளவு போட்ட பக்கெட்டில் விட்டேன். 50 டிகிரி எகானமி ஓட்டத்துக்கு நான்கு தடவையாக வெளியேற்றியது, மொத்தம் 11 லிட்டர். அதே அளவு பாத்திரத்தை, பார்த்துப் பார்த்துக் கையால் கழுவி, சிங்க் அடியில் பக்கெட் வைத்துப் பிடித்தேன். 46 லிட்டர். லாரிக்காக இரவு இரண்டு மணிக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் இந்த வித்தியாசம் எங்களுக்குப் பெரிய விஷயம். லாரித் தண்ணீரின் கடினத்தன்மை லோடுக்கு லோடு மாறும், ஒரு தடவை 14 சொட்டு, ஒரு தடவை 19. அப்போது அளவை 6க்கு இறக்கி வைத்திருந்தேன். உப்பும் அதற்கேற்பக் குறைவாகச் செலவானது.

பொடியா மாத்திரையா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நான் இரண்டு வருடம் மாத்திரைதான் போட்டேன், ஒன்று 14லிருந்து 18 ரூபாய். பொடிக்கு மாறின பிறகு ஒரு தடவைக்கு 15 கிராம், அதாவது சாம்பார்ப் பொடி டப்பாவில் போடுகிற அந்தச் சின்ன ஸ்பூனில் தலைதட்டி மூன்று. சமையலறைத் தராசில் நிறுத்தேன். கிலோ 400 ரூபாய் என்றால் ஒரு ஓட்டத்துக்கு 6 ரூபாய். எண்ணெய்ச் சட்டிகள் அதிகம் இருந்தால் 20 கிராம். அதற்கு மேல் போட்டாலும் ஒரு பயனும் இல்லை, கழுவி முடித்த பிறகு கிண்ணத்தின் ஓரத்தில் வெள்ளையாக நிற்கும். சலவைச் சோடாவை வைத்து வீட்டிலேயே பொடி செய்தும் பார்த்தேன், கிலோ 60 ரூபாய்தான் ஆனது. ஆனால் எங்கள் தண்ணீரில் அது சரிப்படவில்லை, சோடா கால்சியத்தோடு சேர்ந்து அப்படியே சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது, பத்து நாளில் டம்ளர்கள் பழையபடி. மூன்று கிலோ வீணானது.

என்னென்ன உள்ளே போகக்கூடாது என்பதில் ஒரே ஒரு பெரிய தவறு. அத்தையின் ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கர். கல்யாணத்துக்கு அவர் அம்மா வாங்கிக் கொடுத்தது. வெளியே எடுத்தபோது மழைமேகம்போலக் கறுத்திருந்தது. "ஏம்மா, என் குக்கரை என்ன பண்ணின?" என்று கேட்டார், கோபம் இல்லை, அழுகிற குரல். இந்தப் பொடியின் காரம் அலுமினியத்தைத் தின்னும், எனக்கு அது அன்றைக்குத் தெரியாது. உள்பக்கம் புளித்தண்ணீர் நிரம்பக் கொதிக்க வைத்து, வெளிப்பக்கம் எலுமிச்சை மூடியால் தேய்த்து, இரண்டு நாள் மெனக்கெட்டு முக்கால்வாசிப் பளபளப்பைத் திரும்பக் கொண்டுவந்தேன். மூடியின் ஓரத்தில் இன்னும் கொஞ்சம் கறுப்பு இருக்கிறது. அலுமினியம், பித்தளை, செம்பு, ஈயச் சொம்பு, இரும்புத் தோசைக்கல், நான்ஸ்டிக் எதுவும் எங்கள் மெஷினுக்குள் போவதில்லை. எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் மட்டும். பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை மெஷினில் போகாது, அதைக் கழுவிவிட்டு மொட்டைமாடி வெயிலில் ஒரு பகல் வைத்தால் தானே வெளுத்துவிடும்.

2017இல் ஒரு நாள் ராத்திரி, கழுவி முடித்த பிறகும் அடியில் தண்ணீர் நின்றது. சர்வீஸுக்குச் சொல்லி வந்தவர் வடிகால் பம்பு போய்விட்டது, 4,200 ஆகும் என்றார், பார்க்க வந்ததற்கு 450 வாங்கிக்கொண்டார். பம்பு வர ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தில் நானே நின்ற தண்ணீரைக் கரண்டியால் மொண்டு ஊற்றிவிட்டு, ஃபில்டரைக் கழற்றி உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். ஃபில்டர் குழிக்குப் பக்கவாட்டில் ஒரு சின்ன வெள்ளை மூடி, ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் பம்பின் விசிறி. விரலால் சுற்றினேன், சுற்றவில்லை. ஒரு புளியங்கொட்டை, விசிறியின் இரண்டு இறக்கைக்கு நடுவில் அளவெடுத்து வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. முருங்கைக்காய்ச் சக்கையின் நார் ஒன்று அதைச் சுற்றிக் கட்டியிருந்தது. ஊக்கால் குத்தி எடுத்தேன், விசிறி கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சுற்றியது. அதில் இருக்கும் காந்தத்தால் அப்படித்தான் சுற்றும், பழுதில்லை. பம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதே பம்புதான் இன்றுவரை ஓடுகிறது. கைவிடும்போது கையுறை போட்டுக்கொள்வது நல்லது, உடைந்த கண்ணாடித் துண்டு கிடந்தாலும் கிடக்கும். மெஷினை ப்ளக்கிலிருந்து எடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும், இது எல்லா வேலைக்கும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று கடுகு. தண்ணீர் பீய்ச்சும் கைகளில் இருக்கும் ஓட்டைகள் கடுகு அளவுதான். தாளித்த கடுகு ஒன்று ஃபில்டரைத் தப்பி உள்ளே போனால் ஓட்டையில் சரியாகப் போய் அடைத்துக்கொள்கிறது. மேல்தட்டு டம்ளர்களில் மட்டும் அழுக்கு நிற்கிறது என்றால் முதலில் மேல் கையைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்க்கிறேன், கிலுகிலு என்று சத்தம் கேட்கும். வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் ஓட்டையாக ஊக்கு முனையால் தள்ளி, குழாயடியில் கவிழ்த்துக் குலுக்கினால் ஐந்தாறு கடுகும் ஒரு கறிவேப்பிலை நரம்பும் விழும். மாதம் ஒரு தடவை இது. ஃபில்டர் வாரம் ஒரு தடவை, வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் படுவதே இல்லை, அங்கே மசாலாவும் எண்ணெய்ப் பிசுக்கும் பசைபோலச் சேர்ந்து ரப்பரைக் கெடுக்கும். அதையும் ஃபில்டரோடு சேர்த்து ஒரு ஈரத்துணியால் துடைத்துவிடுகிறேன். இந்தத் துடைப்பைத் தவறவிடாததால்தான் கதவு ரப்பர் 11 வருடமாக மாறவில்லை என்று நம்புகிறேன்.

2020 ஏப்ரலில், ஊரடங்கில், யாரையும் வீட்டுக்குக் கூப்பிட முடியாத நேரத்தில் மெஷின் ஒரு பிழை எண்ணைக் காட்டிவிட்டு வடிகால் பம்பை மட்டும் நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தால் உள்ளே தண்ணீரே இல்லை. அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்தால் ஒரு தெர்மாகோல் மிதவை எழும்பி சுவிட்சைத் தட்டும் என்று கையேட்டில் ஒரு வரி இருந்தது. நானும் வீட்டுக்காரருமாக மெஷினை வெளியே இழுத்துப் பின்பக்கமாகச் சாய்த்தோம், ஒரு செம்பு அளவுக்குத் தண்ணீர் கொட்டியது. பின்னால் பார்த்தால் வடிகால் ஹோஸில் எலி கடித்த இரண்டு ஓட்டை, பல்தடம் தெளிவாகத் தெரிந்தது. புது ஹோஸ் வரும் வரை சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, இரண்டு கிளாம்பு போட்டு மூன்று வாரம் ஓட்டினோம். முதலில் ஒட்டும் டேப்பை மட்டும் சுற்றினேன், சுடுதண்ணீர் போனதும் பசை இளகி வழுக்கிவிட்டது. புது ஹோஸ் 380 ரூபாய். அதன் மேல் கொசுவலைக் கம்பி வலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருக்கிறேன், சுவரில் ஹோஸ் நுழையும் ஓட்டையில் ஸ்டீல் நாரைத் திணித்து சிமெண்ட் பூசினோம். அதற்கப்புறம் எலி வரவில்லை.

நடுவில் 2022இல் தண்ணீர் எடுக்கும் வால்வு மாற்றினது 1,450, கீழ்த்தட்டின் சக்கரங்கள் 600, தட்டுக் கம்பியில் பூச்சு உரிந்து துருப்பிடித்த இடங்களுக்குப் பூச 450. கம்பி நுனிகளுக்கு எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் சுருங்கும் டியூபை இரண்டு சென்டிமீட்டர் வெட்டி மாட்டி, முடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால் கச்சிதமாகப் பிடித்துக்கொள்கிறது. மீட்டர் 30 ரூபாய். பூச்சைவிட இது நன்றாக நிற்கிறது.

இப்போது இந்த மாதக் கதை. தட்டுகளைத் தொட்டால் பிசுபிசு, பொடி பாதி கரையாமல் கிண்ணத்திலேயே கட்டியாக. நடுவில் கதவைத் திறந்து கைவைத்தால் தண்ணீர் சில்லென்று இருந்தது. வாட் மீட்டரை மாட்டினேன். நன்றாக இருந்த காலத்தில் பம்பு மட்டும் ஓடும்போது 70க்குள் இருக்கும், சூடாக்கும்போது 2,000க்கு மேல் ஏறும். இப்போது மூன்று மணி நேரமும் 68ஐத் தாண்டவில்லை. ஆக, ஹீட்டருக்கு மின்சாரமே போகவில்லை, அல்லது போயும் ஹீட்டர் அறுந்திருக்கிறது.

சர்வீஸ்காரர் வந்து பத்து நிமிடத்தில் போர்டு என்றார், 9,800. மெஷின் பழசு, புதுசு வாங்கிடுங்க மேடம் என்றும் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நானும் அவசரப்பட்டேன். வெப்ப சென்சார்தான் போயிருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 350 ரூபாய்க்கு ஒன்று வாங்கி மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்லை. அதற்கப்புறம்தான் பழைய சென்சாரை மல்டிமீட்டரில் மாட்டி வெந்நீர் டம்ளரில் முக்கிப் பார்த்தேன், சூடு ஏற ஏற எண் ஒழுங்காக இறங்கியது. அது நல்ல சென்சார். வாங்குவதற்கு முன் இந்த ஐந்து நிமிட சோதனையைச் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் வரிசையாகப் போனேன். ப்ளக்கை எடுத்துவிட்டு, மெஷினைச் சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு முனைக்கும் நடுவில் அளந்தேன். 2,000 வாட் ஹீட்டருக்கு 230 வோல்ட்டில் 26 ஓம் பக்கம் வர வேண்டும். எனக்கு 25.8 காட்டியது. முனைக்கும் எர்த்துக்கும் நடுவில் எதுவும் காட்டவில்லை, ஆக கசிவும் இல்லை. ஹீட்டர் நல்லது. மிச்சம் போர்டுதான். எங்கள் மெஷினில் போர்டு கதவுக்குள் இருக்கிறது. நட்சத்திர முனை ஸ்க்ரூ ஒன்பது, டி20 அளவு, உள்ளிருந்து கழற்ற வேண்டும். கழற்றும்போது முன்பலகை நழுவும், ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். வயர்கள் இருந்த இடத்தை நான்கு பக்கமும் போட்டோ எடுத்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். உள்ளே கரப்பான் எச்சம் மிளகைத் தூவினதுபோலக் கிடந்தது, பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன்.

போர்டைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில், பேரனுக்கு என்று அத்தை வாங்கின பூதக்கண்ணாடியால் பார்த்தேன். தீப்பெட்டியில் பாதி அளவில் ஒரு கறுப்பு ரிலே, அதாவது ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச், அதன் ஐந்து கால்களில் ஒன்றைச் சுற்றி மட்டும் ஈயத்தில் மோதிரம்போல மெல்லிய கறுப்புக் கோடு. சுற்றிலும் போர்டு பழுப்பேறியிருந்தது. ஹீட்டர் ஓடும்போது அந்தக் கால் வழியாக 8, 9 ஆம்பியர் போகிறது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி, 11 வருடத்தில் பற்றவைப்பு விட்டுப்போயிருக்கிறது. விரலால் ரிலேயை அசைத்தால் அந்தக் கால் மட்டும் கண்ணுக்குத் தெரிய அசைந்தது.

எனக்கு வயர் பற்றவைக்கத் தெரியும், ஆனால் இது 230 வோல்ட் போகும் இடம் என்பதால் துணியவில்லை. போர்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மூன்று கடையில் டிஷ்வாஷர் போர்டா என்று தலையாட்டிவிட்டார்கள். நான்காவது கடையில், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருந்த தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, வெறும் சால்டர் வெச்சா ஆறு மாசம் வரும், ரிலே உள்ள பாயின்ட்டும் கருகியிருக்கும், மாத்திடலாம்" என்றார். ரிலேயின் மேல் இருந்ததைப் படித்து, 12 வோல்ட் காயில், 16 ஆம்பியர், அதே கால் அமைப்பு, 60 ரூபாய்க்கு வாங்கி வரச் சொன்னார். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புது ரிலேயைப் பற்றவைத்து, கருகின தடத்தின் மேல் கனமான செம்புக் கம்பி ஒன்றையும் சேர்த்து ஓட்டினார். கூலி 240. அரை மணி நேரம். பழைய ரிலேயை உடைத்துக் காட்டினார், உள்ளே இரண்டு பாயின்ட்டும் கரி.

வீட்டுக்கு வந்து மாட்டி, மின்கசிவு இருந்தால் தானே அணையும் ஈஎல்சிபி சுவிட்ச் விழவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 50 டிகிரியில் போட்டேன். மேலே சொன்ன 2,040 அப்போது வந்ததுதான்.

கணக்கு கேட்பவர்களுக்கு. வாரம் ஐந்து ஓட்டம், விட்டுப்போன நாள் எல்லாம் கழித்து வருடம் 250 என்று வைத்தால் இதுவரை 2,750 தடவை. ஒரு தடவைக்குப் பொடி 6 ரூபாய், உப்பு 3 (2 கிலோ எங்களுக்கு 80 ஓட்டம் வருகிறது), கடைசி அலசலில் சேரும் பளபளப்புத் திரவம் 2, மின்சாரம் 0.95 யூனிட், அதை 7 ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 18. ரிப்பேருக்கும் மாற்றினதுக்கும் அந்தத் தேவையில்லாத பம்பையும் சேர்த்து 9,230 ஆகியிருக்கிறது, சர்வீஸ்காரர் இரண்டு தடவை வந்த 900 உட்பட. மெஷின் விலையோடு சேர்த்து 2,750ஆல் வகுத்தால் ஓட்டத்துக்கு 16. ஆக 34 ரூபாய், ஐந்து பேர் வீட்டின் ஒரு நாள் பாத்திரத்துக்கு. மாத்திரையே போட்டிருந்தால் இதோடு 10 ரூபாய் கூடியிருக்கும்.

மின்சாரத்தில் இன்னொரு சின்ன விஷயம், மே மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு மாடித் தொட்டித் தண்ணீர் 41 டிகிரி இருக்கிறது, மார்கழியில் காலையில் 26. மே மாதப் பிற்பகலில் அதே எகானமி ஓட்டம் 0.82 யூனிட்டில் முடிகிறது. ராத்திரி போடுவதைக் கோடையில் மட்டும் மதியத்துக்கு மாற்றிவிட்டேன். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் பில்லின் அடுக்கே மாறிவிடும் நமக்கு, ஏசி ஓடும் மாதங்களில் இப்படி மிச்சமாகும் நான்கைந்து யூனிட்டும் உதவும்.

அடுத்த தடவை மெஷின் வாங்கினால் முதல் நாளே சொட்டு டெஸ்ட் செய்து அளவை வைத்துவிடுவேன், பம்பு வாங்க மாட்டேன், வாட் மீட்டரை நிரந்தரமாக ப்ளக்கிலேயே விடுவேன். 700 ரூபாய் மீட்டர்தான் இந்தத் தடவை பாதி வேலையைச் செய்தது. கரப்பானுக்குக் கதவின் அடியில் இருக்கும் வயர் துளைகளை ஸ்டீல் நாரால் அடைக்க வேண்டும், அது இன்னும் பாக்கி. நன்றாக இருந்த அந்தச் சென்சாரைத் திரும்ப மாட்டிவிட்டு, புதியதை டப்பாவில் போட்டு, மேலே தேதி எழுதி, உப்பு வைக்கும் அலமாரியில் வைத்திருக்கிறேன்.